நெற்றியில் ஒட்டிய நேரம்

"விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் மறுமொழி அனுப்பப்படாவிட்டால், கோரிய அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும்." ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவு. தாளைப் பார்த்து எழுதவில்லை. அந்த வாசகத்தை அமைத்தவனே நான்தான்.

ஓசூர் தொழிற்பேட்டை ஓரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் நசுங்கிய விரல்களும், நெடுஞ்சாலையில் உடைந்த கால்களும் முதலில் அங்கேதான் வரும். அங்கே சமாளிக்க முடியாதவை எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகும். இரண்டு அவசரப் பிரிவுகளின் செவிலியர்களும் வருடக்கணக்காகத் தொலைபேசியில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்த்தால் சரியாகும் என்று யாருக்கோ தோன்றி, செவிலியர் பரிமாற்றத் திட்டம் ஒன்று பிறந்தது. முதல் வாரம் நம் செவிலியர் அங்கே, அடுத்த வாரம் அவர்கள் செவிலியர் இங்கே. திட்டம் பிறந்தால் கூட்டுக் குழு பிறக்க வேண்டும், கூட்டுக் குழு பிறந்தால் ஒப்பந்தம் எழுத ஓர் ஆள் வேண்டும். சுகாதார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்பு தள்ளி ஓய்வுபெற்ற என்னைப் பிடித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டமும் கொடுத்து, செவிலியரோடு போய்வரச் சொன்னார்கள்.

போகிறவர் ஜெசிந்தா. கெலமங்கலத்துக்காரர், முப்பத்து நான்கு வயது. வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று வளர்ந்தவர். ஒன்பது வருடமாக அவசரப் பிரிவு. எல்லைக்கு அப்பால் அவர் நோயாளியைத் தொட வேண்டுமானால் கூட்டுக் குழுவின் அனுமதிக் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்வையாளர். பார்க்கலாம், தொடக் கூடாது. தொட்டால் ஒழுங்கு நடவடிக்கை. இதுவும் நான் எழுதியதே, ஒன்பதாவது பிரிவு.

விண்ணப்பம் போய் நாற்பத்தொரு நாள் ஆகியும் பதில் இல்லை. திங்கட்கிழமை காலை மருத்துவமனை வேனில் ஏறியதும் ஜெசிந்தா கேட்டார்.

"முப்பது நாள் தாண்டிடுச்சே சார். அப்ப நான் தொடலாம்தான?"

"லெட்டர் கைக்கு வரட்டும்மா."

"உங்க பதினோராம் நம்பர் அப்படித்தான சொல்லுது?"

சொல்லுகிறது. ஆனால் 'கொள்ளப்படும்' என்ற சொல்லை நம்பி வேலையைக் காப்பாற்றிக்கொண்ட ஒருவரையும் என் காலத்தில் நான் பார்த்ததில்லை. கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள்தான் அனுமதி. மற்றதெல்லாம் இலக்கியம். அதை அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. "பொறுமையா இருங்க" என்று மட்டும் சொன்னேன்.

டிரைவர் முனிராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ்போட்டு எடுத்து வெச்சிகிட்டீங்களா சார்? அத்திப்பள்ளி பார்டர் வருது."

என் மைத்துனர் சிங்கப்பூர் போய்வந்து நாற்பது பக்கம் எழுதினார். என் அயல்நாடு பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஜூஜூவாடி தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து வட்டம் போட்டுக்கொள்கிறது. சாராயக் கடைகளின் எண்ணிக்கை கூடுகிறது. சுங்கச்சாவடி வரிசையில் அரை மணி நேரம் நிற்கிறோம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மாங்காய் லாரிகள். கிருஷ்ணகிரி பக்கத்தில் விளையும் அந்த மூக்கு நீண்ட ரகத்துக்குப் பெயரே பெங்களூரா. அது எந்தக் குழுவின் அனுமதியும் இல்லாமல் எல்லையைக் கடந்துகொண்டிருந்தது.

அங்கே அவசரப் பிரிவுக்குப் பொறுப்பு பாக்யா என்ற மூத்த செவிலியர். ஐம்பதை ஒட்டிய வயது, கணீரென்ற குரல். பார்வையாளர் நிற்பதற்கென்று தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஜெசிந்தா அதன் பின்னால் கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நோயாளி உள்ளே வரும்போதெல்லாம் அந்தக் கைகள் பிரிந்து, ஒரு முறை முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் அதை நான் வேடிக்கையாகப் பார்த்தேன்.

மதியம் பாக்யா எங்களைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். ராகி முத்தெ, கீரைச் சாறு. நம் களிதான். ஆனால் நாம் குழிபறித்துக் குழம்பு ஊற்றுவோம். அவர்கள் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிறார்கள். நான் மென்றேன். பக்கத்து மேசையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பாக்யா கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "உங்க சார் களியைக்கூட ஃபைல் மாதிரி பக்கம் பக்கமா படிக்கிறாரே." ஜெசிந்தா அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா ஒன்றைக் கவனித்தார். அதைச் சொல்வதற்கு முன், எங்கள் ஓசூர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்களிடமிருந்து ஆம்புலன்சில் போகும் நோயாளியின் காகிதங்கள் நோயாளியோடு போவது அரிது. அவை மஞ்சப் பையில், உறவினர் மடியில், பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் போகும். ஆம்புலன்சில் வெறும் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் போகும். அதனால் ஓசூர் செவிலியர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எது தவறினால் ஆபத்தோ அதை ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி நோயாளியின் நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் எழுத மாட்டார்கள். கடிகாரம் பார்க்க வேண்டிய சங்கதி மட்டும்தான். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. யாருடைய சுற்றறிக்கையும் இதைச் சொல்லவில்லை. ஆனால் நெற்றியில் எழுதிவிட்டதால் கடிதத்தில் எழுதுவதை விட்டுவிடுவது என்ற இன்னொரு வழக்கமும் அதோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. அதை நாங்கள் யாரும் வழக்கம் என்று நினைக்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில் வேறு வழக்கம். வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எதுவும் உள்ளே வரக் கூடாது. கிருமித் தடுப்பு விதி. நோயாளி வந்ததும் முகம் துடைத்து, பழைய ஒட்டல்களை உரித்துக் குப்பையில் போட்டு, மணிக்கட்டில் அவர்களுடைய பட்டையை மாட்டிவிடுவார்கள். மிகச் சுத்தமான வேலை.

மாலை வேனில் ஜெசிந்தா நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். நான்காவது குறிப்பு: 'நம் பிளாஸ்திரியைப் படிக்காமலே உரித்துவிடுகிறார்கள்.'

"நாளைக்கே பாக்யா மேடத்துகிட்ட சொல்லிடட்டுமா சார்? நாம எதுக்கு ஒட்டறோம்னே அவங்களுக்குத் தெரியல. ஏதோ திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சிகினு இருக்காங்க."

"பார்வையாளர் குறிப்பெல்லாம் சனிக்கிழமை அறிக்கையில, படிவத்துல தரணும்மா. நடுவுல வாயால சொன்னா குறை சொல்ற மாதிரி ஆயிடும். அவங்க விருந்தாளி நாம."

"சனிக்கிழமைதானா?"

"சனிக்கிழமைதான்."

முனிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஹாரன் அடித்தார்.

புதன்கிழமை நல்ல நாள். ஜவளகிரியிலிருந்து தேள் கடித்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்குத் தெலுங்கைத் தவிர எதுவும் வரவில்லை. வலியில் யாரையும் கிட்டே விடவும் இல்லை. பாக்யா திரும்பி மஞ்சள் கோட்டைப் பார்த்தார். "ஏம்மா, வாய்க்கும் அனுமதி வேணுமா, கைக்கு மட்டுமா?"

நான் யோசித்து, கைக்கு மட்டும்தான் என்றேன். ஜெசிந்தா கோட்டின் பின்னால் நின்றபடியே பெரியவரிடம் தெலுங்கில் பேசினார். எந்தக் கொட்டகையில் கடித்தது, மாடு எத்தனை, காட்டு யானை இந்த வருடம் ராகிக்கு வந்ததா. பெரியவர் யானையைத் திட்டத் தொடங்கினார். திட்டி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. பாக்யா போகிற போக்கில் ஜெசிந்தாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்று வரும் வழியில் ஜெசிந்தா, "இவங்களோட வேலை செய்யலாம் சார், நல்ல கை அவங்களுக்கு" என்றார். செவிலியர்கள் செவிலியர்களுக்குத் தரும் மிகப் பெரிய சான்றிதழ் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை.

காலை எட்டரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்களை இறக்கிவிட்டு முனிராஜ் ஏதோ மருந்துப் பெட்டி எடுக்க ஓசூர் திரும்பினார். பதினொன்றரைக்கு வந்தவர் சட்டையை மடித்துப் பிடித்திருந்தார். உள்ளே ஏழெட்டு மாம்பழங்கள். "சுங்கத்துக்கு இந்தப் பக்கம் மாங்கா லாரி கவுந்துடுச்சி சார். ரோடே மஞ்சளா கெடக்குது. ஊரே பொறுக்குது. ஒரு வண்டி நகரல. நான் சந்துல பூந்து வந்துட்டேன்." பாக்யாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. கைகழுவும் தொட்டி ஓரம் நின்று நான் அதைத் தின்றேன். நல்ல பழம்.

பன்னிரண்டே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் ஓசூர் மருத்துவமனையிலிருந்து. அந்த லாரிக்குப் பின்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டு வந்திருந்தது.

உள்ளே கோவிந்தராஜ் என்பவர். பாரூர்க்காரர், இரண்டு போகம் நெல் விளையும் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு சிறிய பிரஸ் பட்டறையில் வேலைக்கு வந்தவர். வலது முன்கை பிரஸ்ஸில் மாட்டியிருந்தது. விரல் நுனியிலிருந்து தோள் அருகே வரை பெரிய கட்டு, பலகை, மேலே போர்வை. மயக்க ஊசி போட்டிருந்ததால் பாதித் தூக்கம். ஆம்புலன்ஸ் ஊழியர் கடிதத்தை மேசையில் வைத்தார். அவருக்கு அடுத்த அழைப்பு காத்திருந்தது, ஓடினார். கோவிந்தராஜின் நெற்றியில் வெள்ளைத் துண்டு இருந்தது.

ஓர் இளம் செவிலியர் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, அதை உரித்தார்.

"சிஸ்டர், அதுல நேரம் எழுதியிருப்பாங்க" என்றார் ஜெசிந்தா.

"கடிதத்தில் இருக்கும்" என்றார் அவர், திரும்பாமலே. நியாயமான பதில். எங்கும் கடிதத்தில்தான் இருக்கும்.

பணி மருத்துவர் கட்டைப் பார்த்தார். ரத்தம் கசியவில்லை. "நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். பிரிக்க வேண்டாம். எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். கை அறுவை மருத்துவர் தியேட்டரில் இருக்கிறார், வந்ததும் பார்ப்பார்."

தள்ளுவண்டி மஞ்சள் கோட்டை ஒட்டி எங்களைக் கடந்தது. ஜெசிந்தாவின் கைகள் பிரிந்தன. வலது கை போர்வையை நோக்கி நீண்டது. ஓசூரில் கைக் காயம் வந்தால் அவர் முதலில் செய்வது அதுதான்: கட்டுக்கு மேலே, அக்குளுக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. அப்படி நீட்டியபோது அவர் என்னைப் பார்த்தார்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

கை பின்னால் போனது. வண்டி தாழ்வாரத்தில் திரும்பியது.

அதன் பிறகு ஜெசிந்தா சாப்பிட வரவில்லை. ஒரு மணிக்கு ஒரு முறை, ஒன்றரைக்கு ஒரு முறை, "சார், நம்மாளுங்க சும்மா ஒட்ட மாட்டாங்க" என்றார். "டாக்டர் பார்த்துட்டாரேம்மா" என்றேன் நான். ஓசூருக்குப் போன் செய்தார். எடுத்தவர், காலை ஷிப்டுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். அந்தச் சமயத்தில் கோவிந்தராஜின் மனைவி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கையில் மஞ்சப் பை. ஜெசிந்தாவின் சீருடையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுக்கா. கை நிக்குமா?"

ஜெசிந்தா இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி, அவசரப் பிரிவின் நடுவே நடந்து, எக்ஸ்ரே தாழ்வாரத்தில் வரிசையில் நின்ற தள்ளுவண்டிக்குப் போனார். போர்வையை விலக்கி, சட்டைக் கைக்குள் விரல்களை நுழைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை எனக்கே தெளிவாகத் தெரியாது. தடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"பாக்யா மேடம்!" என்று அவர் கத்திய கத்தலில் தாழ்வாரம் முழுக்கத் திரும்பியது.

மேல்கையில், கட்டின் அடியில், இறுக்குப் பட்டை இருந்தது. ரத்தம் நிற்பதற்காகக் கட்டுவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. விட்டால் அதற்குக் கீழே உள்ள தசை சாகத் தொடங்கும். மணி இரண்டு ஐந்து.

பாக்யா ஓடிவந்து, பார்த்து, ஒன்றும் கேட்காமல் வண்டியைத் தானே தியேட்டர் பக்கம் தள்ளினார். ஜெசிந்தா மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓடினார்கள். திட்டத்தின் நோக்கம் என்று நான் முதல் பக்கத்தில் எழுதியிருந்ததெல்லாம் அந்த முப்பது அடி தூரத்தில் இருந்தது.

அன்று மாலை பாக்யா கையுறை மாட்டிக்கொண்டு குப்பைக் கூடையைக் கிளறினார். அந்தத் துண்டை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். நீல மையில், எங்கள் செவிலியரின் அவசரக் கையெழுத்து: 'பட்டை 9.40'. இங்கிலீஷ் எண்கள். யாராலும் படிக்க முடிகிற எண்கள்.

வெள்ளிக்கிழமை காலை முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். அறுவை மருத்துவர் நேர்மையானவர். "பிரஸ் நசுக்கியதே மோசம். பட்டையை நேரத்தில் தளர்த்தியிருந்தால் நின்றிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. நின்றிருக்காது என்றும் சொல்ல முடியாது." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அதற்குப் பிறகு நான் குடியிருக்கிறேன்.

அதே வெள்ளிக்கிழமை மதியம் கூட்டுக் குழுவிலிருந்து ஒரு குறிப்பாணை மின்னஞ்சலில் வந்தது. நாற்பத்தைந்து நாளாக விண்ணப்பத்துக்குப் பதில் எழுத முடியாதவர்களுக்கு இதை ஒரே நாளில் எழுத முடிந்தது. பார்வையாளர் ஜெசிந்தா அனுமதியின்றி நோயாளியைத் தொட்டது ஏன் என்பதற்கு விளக்கம் வேண்டுமாம். விளக்கம் ஏற்கப்படும் வரை அவர் எந்த மருத்துவமனையிலும் அவசரப் பிரிவில் பணிபுரியக் கூடாது. மேற்கோள், ஒன்பதாவது பிரிவு. என் வாசகம், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

சனிக்கிழமை அறிக்கையைத் தரவில்லை. படிவத்தில் நான்காவது குறிப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சாலையோரம் மாங்கொட்டைகள் காய்ந்து கிடந்தன. முனிராஜ் வேனை மெதுவாக ஓட்டினார்.

"அன்னிக்கி அந்தப் பழத்த எடுத்தாந்திருக்கக் கூடாது சார்" என்றார்.

"நீங்க எடுக்கலன்னாலும் லாரி கவுந்ததுதான்."

"இல்ல சார். ரோட்ல குமிஞ்சி பொறுக்கிகினு இருந்தப்ப பின்னால ஒரு ஆம்புலன்ஸ் கத்திகினே இருந்திச்சி. நம்ம வண்டின்னு தெரியல."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை நான் விளக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய கடிதங்களிலேயே குட்டையானது அது. பதினோராவது பிரிவின்படி அன்றைய தினம் ஜெசிந்தாவுக்கு அனுமதி இருந்தது. அவர் தொட்டது தவறில்லை. அனுமதி இருப்பது தெரிந்தும், பன்னிரண்டே கால் மணிக்கு அவரைத் தொட விடாமல் தடுத்தவன் நான். பிளாஸ்திரியைப் பற்றிச் செவ்வாய்க்கிழமையே சொல்ல வந்தவரைச் சனிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னவனும் நான். விசாரிக்க வேண்டியது என்னை. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை ஒட்டிவைத்தேன்.

பதில் இல்லை. ஜெசிந்தாவைப் புறநோயாளி வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். நான் வாரத்துக்கு ஒரு நாள் போய் எதிரே நின்றுவிட்டு வருவேன். "டோக்கன் வேணுமா சார்?" என்பார். கோபமாகவும் இருக்காது, சமாதானமாகவும் இருக்காது.

பாக்யா ஓசூர் வர வேண்டிய இரண்டாவது வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் ஒரு விடுமுறை நாளில் அவர் சாதாரணச் சேலையில், பஸ் ஏறி, தானாகவே வந்தார். டோக்கன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் எதை எழுதுவீர்கள், எதை எழுத மாட்டீர்கள் என்று ஜெசிந்தாவிடம் ஒரு மணி நேரம் கேட்டார். அதன் பிறகு அங்கே பிளாஸ்திரியைப் படித்து, பதிந்துவிட்டுத்தான் உரிக்கிறார்கள். இங்கே கடிதத்திலும் எழுதுகிறார்கள். விண்ணப்பம், பிரிவு, குழு எதுவும் இல்லாமல் நடந்த பரிமாற்றம் அந்த ஒன்றுதான். போகும்போது பாக்யா என்னிடம், "சார், இதை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் கூட்டுக் குழுவின் உறை என் வீட்டுக்கு வந்தது. உள்ளே ஒரே தாள். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. செவிலியர் ஜெசிந்தா எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையில் நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிய அனுமதி வழங்கப்படுகிறது. இது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லுபடியாகும். ஆகவே குறிப்பாணை கைவிடப்படுகிறது. என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னை விசாரிக்க யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் மேசைக்கு எதிரே கோவிந்தராஜ் நின்றிருந்தார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான தாளில் கையொப்பம் வேண்டும். இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஜெசிந்தா மை டப்பாவைத் திறந்து, அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் மெல்ல அழுத்தினார். பிறகு பஞ்சால் அந்த விரலை நகக்கண் வரை துடைத்துவிட்டார். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

அவர் போனதும் நான் தாளை நீட்டினேன். ஜெசிந்தா நின்றபடியே இரண்டு முறை படித்தார். மேசை டிராயரில், பாக்யா ஒட்டிக் கொடுத்த அந்தத் துண்டு இருந்தது எனக்குத் தெரியும்.

"விண்ணப்பிச்ச நாள்லேர்ந்தேவா?" என்றார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இத எங்க சார் ஒட்டறது?"

மறுநாள் காலை அவர் அவசரப் பிரிவுக்குத் திரும்பினார். நான் வீட்டுக்கு வந்து, பழக்க தோஷத்தில், வரவுத் தபால் நோட்டைத் திறந்து எழுதினேன்: அனுமதிக் கடிதம் கிடைத்த நாள், ஆடி இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை.